சொராரிட்டி மாளிகை வேண்டாம்: மகளின் தங்குமிடம் பற்றி ஒரு தாய்க்கு எழுதிய பதில்

கேன்சஸ் மாநிலத்தின் ஓவர்லேண்ட் பார்க்கில் வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு லாரன்ஸில் உள்ள கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. படிப்பைப் பற்றி வீட்டில் கருத்து வேறுபாடு இல்லை. தங்கும் இடத்தைப் பற்றித்தான் பேச்சு ஓயவில்லை. டாலஸில் இருக்கும் நாத்தனார், தம் மகள் சொராரிட்டி என்னும் மாணவியர் சங்கத்தின் மாளிகையில் தங்கிப் படித்ததால்தான் நல்ல இன்டர்ன்ஷிப் கிடைத்தது என்றும், இந்த நாட்டில் அந்தத் தொடர்பு இல்லாத பெண்ணுக்கு நாலு பேர் மத்தியில் மதிப்பு இராது என்றும் வாராவாரம் தொலைபேசியில் சொல்லிவருகிறார். மகளோ, “எனக்கு அவ்வளவு பேர் நடுவில் இருக்க வராது, சின்ன இடமாகப் பாருங்கள்” என்பதற்கு மேல் பேச மறுக்கிறாள். பெண்கள் மட்டும் தங்கும் பாதுகாப்பான வீடு என்பதற்காகவாவது சொராரிட்டியில் சேர்த்துவிடலாமா என்பது தாயின் கேள்வி.

அம்மா, பெண்ணை முதன்முதலாக வெளியே தங்க அனுப்பும் எவருக்கும் வரும் கவலைதான் இது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உங்களுக்கு இப்போது ஆறுதலைவிடத் தெளிவான பதில் தேவை. சேர்க்க வேண்டாம்.

முதலில் பாதுகாப்பைப் பற்றிய உங்கள் எண்ணத்தை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. 1902இல் தொடங்கப்பட்ட தேசிய பான்ஹெலெனிக் மாநாடு என்ற கூட்டமைப்பின் கீழ் இன்று இருக்கும் 26 சொராரிட்டிகளின் வீடுகளில் மது கூடாது; பெரும்பாலானவற்றில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஒரு மூத்த பெண்மணி வீட்டோடு தங்கி மேற்பார்வை பார்ப்பார்; மாடியறைகளுக்கு ஆண்கள் வரக் கட்டுப்பாடு உண்டு. இவ்வளவும் சரி. ஆனால் சொராரிட்டி என்பது இடம் காலியாக இருந்தால் பணம் கட்டிச் சேரும் விடுதி அன்று. உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகே வீடு. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் காலத்தில் மாணவிகள் பல நாட்கள் ஒவ்வொரு வீடாகச் சென்று, நிமிடக் கணக்கில் புதியவர்களோடு பேசி, சுற்றுக்குச் சுற்று சிலர் கழிக்கப்பட்டு, இறுதியில் இரு தரப்பின் விருப்பப் பட்டியல்களும் பொருத்தப்படுகின்றன. கடைசிச் சுற்று முடிந்த கையோடு மாணவி கையொப்பமிடும் ஒப்பந்தம் அவளைக் கட்டுப்படுத்தும்: தான் பட்டியலில் எழுதிய ஒரு சொராரிட்டி அழைத்து அவள் மறுத்தால், அந்த வளாகத்தில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த பெரிய சுற்று வரும்வரை வேறொன்றில் சேர முடியாது. இதையெல்லாம் கடந்து உறுப்பினரானாலும், பெரும்பாலான வளாகங்களில் முதலாண்டு மாணவி பல்கலைக்கழக விடுதியில்தான் இருப்பாள். மாளிகைக்குக் குடிபோவது இரண்டாம் ஆண்டில்தான். அப்படியானால், நீங்கள் மிகவும் அஞ்சுகிற அந்த முதல் ஆண்டுக்குச் சொராரிட்டி எந்தப் பாதுகாப்பையும் தரப்போவதில்லை.

அடுத்தது பணம். இதில் நான் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. மாளிகையின் வெள்ளைத் தூண்களையும் சாப்பாட்டு அறையின் சரவிளக்கையும் காட்டும் நாத்தனார், கட்டணச் சீட்டைக் காட்டியிருக்க மாட்டார். புது உறுப்பினர் கட்டணம், சேர்ப்புச் சடங்குக் கட்டணம், சட்டையில் குத்தும் பேட்ஜ், தேசிய அமைப்புக்கான சந்தா, கிளைக்கான சந்தா, வீட்டில் தங்காத காலத்திலும் அதன் கூடத்தையும் சமையலறையையும் பராமரிப்பதற்கென்று கேட்கும் பார்லர் கட்டணம், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வாங்க வேண்டிய உடைகள், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் என்று அது நீளும். வீடு பெரும்பாலும் முன்னாள் உறுப்பினர்கள் நடத்தும் ஒரு தனி நிறுவனத்தின் சொத்தாக இருக்கும். கடன் தவணையும் பராமரிப்பும் அடைபட வேண்டுமானால் கட்டில்கள் நிரம்ப வேண்டும். ஆகவே உறுப்பினர் குறைந்தது ஓராண்டாவது வீட்டில் தங்கியே தீர வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. மகளுக்கு அந்த ஆண்டில் வெளிநாட்டுப் படிப்புக்கோ கள ஆய்வுக்கோ வாய்ப்பு வந்தால் வாடகை தள்ளுபடியாகுமா என்பதை ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில்தான் தேட வேண்டும். நீங்கள் மகள் பிறந்ததிலிருந்து 529 திட்டம் என்னும் வரிச்சலுகையுள்ள கல்விச் சேமிப்புக் கணக்கில் சேமித்துவருவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கிலிருந்து தங்குமிடத்துக்கும் உணவுக்கும் பல்கலைக்கழகம் வகுத்த உச்சவரம்புக்குள் வரியின்றி எடுக்கலாம். சொராரிட்டிச் சந்தாவுக்கு எடுக்க முடியாது. அது முழுவதும் வரி கட்டிய உங்கள் கைப்பணம். வீட்டுக் கடனும் இரண்டாவது பிள்ளையின் படிப்பும் முன்னே நிற்கும் குடும்பம், நாத்தனாரின் வார்த்தைக்காக இந்தச் செலவை ஏற்கக் கூடாது.

தொடர்புகள் பற்றிய வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. விற்பனை, மக்கள்தொடர்பு, அரசியல் போன்ற துறைகளுக்குச் செல்லும், கூட்டத்தில் இயல்பாகப் பழகும் பெண்ணுக்கு அந்த முன்னாள் உறுப்பினர் வலையம் உண்மையிலேயே உதவும். அப்படிப்பட்ட மகள் தானாக விரும்பிக் கேட்டால், செலவைக் கணக்கிட்டுவிட்டுச் சம்மதியுங்கள் என்றே சொல்வேன். உங்கள் மகள் பூச்சிகளையும் ஊர்வனவற்றையும் படிக்க வேண்டும் என்கிறாள். அவள் சேரும் பல்கலைக்கழகத்திலேயே டைக் ஹால் என்னும் பழைய கல் கட்டடத்தில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும், அதனோடு இணைந்த பல்லுயிர் ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் இயற்கையியலாளர் லூயிஸ் டைக் காட்டிய வட அமெரிக்க விலங்குகளின் பெருங்காட்சியிலிருந்து வளர்ந்த இடம் அது. அங்கே பெட்டி பெட்டியாக இருக்கும் மாதிரிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் வேலையை முதலாண்டிலேயே கேட்டுப் பெறும் மாணவிக்கு, மூன்றாம் ஆண்டில் பரிந்துரைக் கடிதம் எழுத ஒரு பேராசிரியர் இருப்பார். அவளுடைய துறையில் தொடர்பு என்பது அதுதான். வாராந்தரக் கூட்டங்களுக்கும் வாரயிறுதி நிகழ்ச்சிகளுக்கும் போகும் நேரம் இந்த நேரத்திலிருந்துதான் கழியும்.

இந்திய வம்சாவளிப் பெண்களுக்கான சொராரிட்டிகளும் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பதுண்டு. ஆஸ்டினில் கப்பா ஃபை காமாவும் ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகாவும் 1998இல் தொடங்கின. அவை தோழமைக்கு நல்ல அமைப்புகள். ஆனால் பெரும்பாலும் அவற்றுக்குச் சொந்த வீடு கிடையாது என்பதால் உங்கள் கேள்விக்கு அவை விடையாகா.

வீட்டிலிருந்தே முக்கால் மணி நேரம் காரோட்டிப் போய்வருவதையும், டார்ம் எனப்படும் பெரிய பல்கலைக்கழக விடுதிகளையும் நீங்கள் ஏற்கெனவே அலசியிருக்கிறீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இடம்பெறாத, அந்த வளாகத்திலேயே தலைமுறைகளாக இருந்துவருகிற ஒன்றைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன். அது ஸ்காலர்ஷிப் ஹால்: தங்குபவர்களே வீட்டு வேலைகளைப் பங்கிட்டுச் செய்து, குறைந்த கட்டணத்தில் இருக்கும் சிறு விடுதி.

எலிசபெத் மில்லர் என்ற பெண் லாரன்ஸில் பல்கலைக்கழகத்தின் ஆயத்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, குடும்பத்தின் பண நெருக்கடியால் பதினைந்து வயதிலேயே படிப்பை விட்டு, ஜே.பி. வாட்கின்ஸ் என்னும் நில அடமான நிறுவனத்தாரிடம் அலுவலக வேலைக்குச் சென்றார். பல ஆண்டுகளுக்குப் பின், 1909இல், அந்த வாட்கின்ஸையே மணந்தார். கணவர் 1921இல் இறந்தபோது பெருஞ்செல்வம் அவர் கைக்கு வந்தது. தமக்குக் கிடைக்காத படிப்பு, வசதி குறைந்த மற்றப் பெண்களுக்குத் தங்க இடமில்லாத காரணத்தால் தவறிப்போகக் கூடாது என்று கருதி, 1926இல் வாட்கின்ஸ் ஹாலையும், 1937இல் அதன் பக்கத்திலேயே மில்லர் ஹாலையும் கட்டிக் கொடுத்தார். மாணவர் மருத்துவமனைக்கும் அவரே பணம் தந்தார். தாம் வாழ்ந்த வீட்டையும் பல்கலைக்கழகத்துக்கே எழுதிவைத்தார், அதில்தான் துணைவேந்தருக்கு இணையான சான்சலர் குடியிருக்கிறார். ‘ஸ்காலர்ஷிப்’ என்ற பெயரைக் கேட்டதும் ஏழைப் பிள்ளைகளுக்கான இடம் என்று உறவினர் யாரேனும் முகம் சுளித்தால், இந்த வரலாற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் குரலில் தயக்கம் இருக்க வேண்டாம்.

அந்த முதல் ஹாலின் வழியில் பின்னர் ஆண்களுக்கும் பெண்களுக்குமாகப் பல ஹால்கள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் அளவில்தான் தங்குவார்கள். சில நூறு பேர் தங்கும் டார்மில் பெயர் தெரியாமலே ஓராண்டு ஓடிவிடும், இங்கே முதல் மாதத்திலேயே எல்லாரையும் தெரிந்துவிடும். சமைப்பதும், பாத்திரம் துலக்குவதும், கூடத்தைப் பெருக்குவதும், குளியலறையைக் கழுவுவதும் தங்குபவர்களே முறைவைத்துச் செய்யும் வேலைகள். அதனால்தான் கட்டணம் குறைவு. பொதுச் சமையலறை உள்ள ஹால்களில் ஒவ்வொருவருக்கும் வாரத்துக்குச் சில மணி நேர முறை விழும். புதன்கிழமை இரவு உணவு உங்கள் மகளுடைய முறை என்றால், இன்னும் ஓரிருவரோடு சேர்ந்து ஐம்பது பேருக்கு அவள் சமைக்க வேண்டும். எவ்வளவு அரிசி, எத்தனை பேருக்கு இறைச்சியில்லாத உணவு, யாருக்கு வேர்க்கடலை ஒவ்வாது என்பதையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். உணவுப் பொருள் வாங்கும் கணக்கைப் பார்க்கவும் ஹாலின் தலைமைக்கும் தங்குபவர்களே தங்களுக்குள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாட்கின்ஸும் மில்லரும் இதிலிருந்து மாறுபட்டு அமைக்கப்பட்டவை: ஒரே பெரிய சமையலறைக்குப் பதில் பல சிறு சமையலறைகள், ஒவ்வொன்றையும் ஆறேழு பெண்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. அந்த ஆறேழு பேர்தான் குடும்பம். சைவ உணவு உண்ணும் உங்கள் மகள் தன் குக்கரையும் அஞ்சறைப் பெட்டியையும் வைத்துக்கொண்டு, சாம்பார் வைக்கும் நாளைக் குழுவோடு பேசி முடிவுசெய்ய இதைவிட ஏற்ற அமைப்பை நான் அறியேன்.

“படிக்க அனுப்பினோமா, பாத்திரம் தேய்க்க அனுப்பினோமா?” என்று நாத்தனார் கேட்பார். அம்மா, சொராரிட்டி மாளிகையில் அந்தப் பாத்திரத்தைக் கூலிக்கு ஒருவர் தேய்க்கிறார். அந்தக் கூலியை நீங்கள் கட்டுகிறீர்கள். வாரத்துக்குச் சில மணி நேரம் தன் வீட்டு வேலையைத் தானே செய்வதால் எந்தப் பெண்ணின் மதிப்பெண்ணும் குறைந்துவிடாது. மாறாக, ஐம்பது பேரின் சாப்பாட்டுக்குப் பொறுப்பேற்று நடத்தியதாக நேர்காணலில் ஒரு மாணவி சொல்லும்போது, கேட்பவர்கள் அடுத்த கேள்வியை அதைப் பற்றியே கேட்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் மகளின் இயல்பு. “சின்ன இடமாகப் பாருங்கள்” என்ற அவள் சொல்லைக் கூச்சம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத் தெளிவு என்கிறேன். பதினெட்டு வயதில் தனக்கு எது ஒத்துவராது என்று ஒரு பெண் சொல்லிவிட்டாள் என்றால், அவளைத் திருத்தும் நோக்கத்தோடு ஒரு மாளிகைக்குள் தள்ளக் கூடாது. அவள் அங்கே அழைக்கப்படாமல் போனால் நிராகரிக்கப்பட்ட வலி. அழைக்கப்பட்டால் தனக்குப் பொருந்தாத ஒரு முகத்தை அணிந்துகொண்டு பல ஆண்டுகள். இரண்டையும் தவிர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.

வேறு மாநிலங்களில் இருந்து இதே கேள்வியோடு வரும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்தியானாவின் பர்டூ பல்கலைக்கழகத்தில், தங்குபவர்களே வேலைகளைப் பங்கிட்டு நடத்தும் கூட்டுறவு இல்லங்கள் பெண்களுக்கென்றே உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1933இல் தொடங்கிய மாணவர் கூட்டுறவு அமைப்பு இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இடம் தருகிறது. ஆஸ்டினில் ஹவுஸ் ஆஃப் காமன்ஸ் என்ற சைவக் கூட்டுறவு வீடு இருக்கிறது. ஆனால் அது ஆண் பெண் இருபாலரும் தங்கும் வீடு என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். மிச்சிகனின் ஆன் ஆர்பரிலும் இத்தகைய வீடுகள் பல.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. ஸ்காலர்ஷிப் ஹாலுக்கென்று தனி விண்ணப்பம் உண்டு. அதில் கட்டுரையும் கேட்பார்கள். பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி அலுவலகத்துக்கு இந்த வாரமே எழுதி, வரும் கல்வியாண்டில் பெண்களுக்குத் திறந்திருக்கும் ஹால்கள் எவை, கட்டணம் என்ன, மதிப்பெண் வரம்பு என்ன, கடைசித் தேதி எது என்று எழுத்திலேயே பதில் பெறுங்கள். கட்டுரையை மகள் மட்டுமே எழுத வேண்டும். நீங்கள் எழுத்துப்பிழை பார்க்கக்கூட வேண்டாம், ஏனெனில் அந்த ஐம்பது பேரோடு வாழப்போவது அவள். ஒரு வார நாளில் அவளை அழைத்துச் சென்று ஹாலைச் சுற்றிப் பாருங்கள். வரவேற்பறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த வாரத்து முறைப்பட்டியலைப் படியுங்கள், குளிர்பதனப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அங்கே தங்கியிருக்கும் ஒரு மாணவியோடு மகளைத் தனியாகப் பேசவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள். இரவில் வாசற்கதவு எப்படிப் பூட்டப்படுகிறது, மேற்பார்வைக்கு யார் தங்கியிருக்கிறார்கள் என்ற உங்கள் பாதுகாப்புக் கேள்விகளை அலுவலரிடம் தயங்காமல் கேளுங்கள். அவை நியாயமான கேள்விகள்.

நாத்தனாருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை மகளின் தலையில் போடாதீர்கள், நீங்களும் சுமக்காதீர்கள். அது அவர் தம்பியின், அதாவது உங்கள் கணவரின் வேலை. விண்ணப்பம் அனுப்பும் நாளுக்கு முன்பாகவே அவர் தொலைபேசியை எடுத்து, “அக்கா, பாப்பா ஹாலில்தான் தங்கப்போகிறாள், முடிவு செய்துவிட்டோம்” என்று சொல்லட்டும்.