தினமும் பேசுகிறோம், ஆனால் பேச்சு நகர்வதில்லை

*வணக்கம். வேலைக்காக வருடத்தில் பாதி நாள் பயணத்தில் இருக்கிறேன். அம்மாவிடம் தினமும் வீடியோ காலில் பேசிவிடுகிறேன். ஆனால் "சாப்பிட்டியா, தூங்கினியா" தாண்டிப் பேச்சு போவதில்லை. ஒருநாள் கூப்பிடாவிட்டால் பதறிப்போகிறார். இத்தனை வசதி இல்லாத காலத்தில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?*
*— கே.*

அன்புள்ள கே.,

அந்தக் காலம்தான் இனிமை என்று சொல்ல எனக்கு மனசு வராது. முதல் வெளிநாட்டுப் பயணத்தில், பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று நான் போட்ட கடிதம் வீட்டுக்குப் போக பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை அப்பா பிறகு சொன்னார்.

போன் கிடைத்தாலும் சிரமம்தான். அப்போது பல அழைப்புகள் செயற்கைக்கோள் வழியாகப் போயின. அது இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். குரல் மேலே போய் இறங்கக் கால் நொடி, பதில் வந்து சேர இன்னொரு கால் நொடி. சத்தமே இல்லையே என்று நான் மறுபடி "ஹலோ" என்பேன். அதே நேரம் அம்மாவின் பதில் வந்து அதன்மேல் மோதும். இரண்டு பேரும் நிறுத்துவோம். "நீ சொல்லு", "இல்லம்மா, நீங்க சொல்லுங்க" என்பதிலேயே காசு கரையும். இன்றைய அழைப்புகள் பெரும்பாலும் கடலடி ஃபைபர் கேபிளில் போகின்றன, அந்த இடைவெளி போய்விட்டது. எனக்கு அது இன்னும் அதிசயம்தான்.

சரி, உங்கள் அம்மாவின் பதற்றத்துக்கு வருகிறேன். கடித காலத்தில் சேதி தாமதமாகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இப்போது அப்படி இல்லை. வாட்ஸ்அப்பில் 2014இல், சேதியைப் படித்துவிட்டதைக் காட்டும் நீல டிக் வந்தது. நீங்கள் கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தீர்கள் என்பதையும் வாட்ஸ்அப் காட்டுகிறது. இரவு 11.40க்குப் பிறகு ஆளைக் காணோம் என்றால் பெற்றவள் என்ன நினைப்பாள்? அவரைக் கோபிக்காதீர்கள். "இன்று ராத்திரி மலைப்பாதை, சிக்னல் கிடைக்காது, காலையில் பேசுகிறேன்" என்று முன்கூட்டியே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

பேச்சு நகராததற்குக் காரணம் பாசக் குறைவு இல்லை. வீடியோவில் அவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; இளைத்திருக்கிறானா, கண் சிவந்திருக்கிறதா என்று. காது அப்புறம்தான்.

அதனால் வாய்ஸ் நோட் அனுப்பிப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டியதில்லை, வேண்டியமட்டும் திரும்பக் கேட்கலாம். ஒருமுறை ரயிலுக்குக் காத்திருக்கும்போது அம்மாவுக்குப் பேசி அனுப்பினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. "பின்னாடி ஒரு குழந்தை அழுதுதே, யாரு அது?" என்று பதில் வந்தது. தொடர்ந்து நாலு நிமிடம், என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு தனியாக ரயிலேறிய கதை. அதுவரை நான் கேட்டதே இல்லை. நடுவில் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம், திரும்பி வருகிற செருப்புச் சத்தம், பிறகு, "எங்கே விட்டேன்?"