முதலில் மஞ்சளை விரட்டுங்கள்: தோட்டம் கேள்வி – பதில்

கேள்வி: லில்லி போல் பூக்கும் டேலில்லிச் செடிகளில், அடர் ஊதாவையும் வெள்ளையையும் கலந்தால் வெளிர்நீலம் கிடைக்கும் என்று நம்பினேன். பூத்த நாற்றுகளோ செங்கல் நிறத்திலும் சேற்று நிறத்திலும் நிற்கின்றன. நான் எங்கே தவறினேன்?
– நீலத்துக்கு ஏங்கும் வாசகி

பதில்: உங்கள் கைவேலையில் குறை இல்லை அம்மா. கண்ணை நம்பியதுதான் குறை. டேலில்லியின் நிறம் இரண்டு அடுக்காக இருக்கிறது. அடியில் மஞ்சளும் ஆரஞ்சும் தரும் கரோட்டினாய்டு. அதன் மேல், செல் சாற்றில் கரைந்திருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி. சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா எல்லாம் இரண்டாவதன் வேலை. மஞ்சள் துணியை ஊதாச் சாயத்தில் முக்கினால் என்ன நிறம் வரும்? உங்கள் பாத்தியில் வந்திருப்பது அதுதான்.

நீங்கள் வெள்ளை என்று நினைத்ததும் வெள்ளை அல்ல. டேலில்லியில் பால்வெள்ளை இன்றுவரை கிடையாது. 1980-ல் பதிவான 'ஜென்டில் ஷெப்பர்ட்' போன்ற புகழ்பெற்ற ரகத்தைக்கூட 'ஏறக்குறைய வெள்ளை' என்றுதான் சொல்கிறார்கள். மஞ்சளின் ஒரு சாயல் தொண்டைப் பகுதியிலாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே நீலத்தைத் தேடுவதை ஒத்திவைத்துவிட்டு அடித்தளத்தைச் சுத்தம் செய்யுங்கள். நான் பெற்றோர்ச் செடியைத் தேர்ந்தெடுக்கும்போது பூவை நேராகப் பார்ப்பதில்லை. இதழைத் திருப்பிப் பார்ப்பேன். மேல்பக்கம் எவ்வளவு பகட்டாக இருந்தாலும், பின்பக்கத்திலும் நடு நரம்பிலும் அடிநிறம் ஒளிந்துகொள்ளாது. அங்கே மஞ்சள் ஏறியிருந்தால் அந்தச் செடி எனக்கு வேண்டாம். நரம்பு வெளிறி, தொண்டை மஞ்சளாக இல்லாமல் பச்சையாக இருந்தால் அதை விடமாட்டேன்.

ஒரு தலைமுறையோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் கலப்பில் வெளியே தெரியாத குணங்கள் பல, அந்த நாற்றுகளையே ஒன்றோடொன்று கலக்கும்போதுதான் வெளிவரும். சேற்று நிறம் என்று நீங்கள் முகம் சுளித்தவற்றில், பின்பக்கம் மிக வெளிறியவையாக இரண்டை எடுத்துக் கலந்து பாருங்கள். பொறுமை வேண்டும். விதை முளைத்துப் பூக்கப் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். நியூயார்க் தாவரவியல் பூங்காவில் தாவரவியலாளர் ஏ.பி. ஸ்டௌட் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருந்த காட்டு இனங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, அடர்சிவப்பு 'தெரான்' ரகத்தை 1934-ல்தான் வெளியிட முடிந்தது. சீனாவிலிருந்து அவருக்கு வந்த இளஞ்சிவப்புச் செடிகள் இன்னொரு கதவைத் திறந்தன. நமக்கு மட்டும் அடுத்த மாதமே நீலம் வேண்டும்!

நீலம் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது? அதற்கு டெல்பினிடின் வகை நிறமி வேண்டும். செல் சாற்றின் அமிலத்தன்மை குறைய வேண்டும். கூடவே துணை நிறமிகளோ உலோக அயனிகளோ சேர வேண்டும். இவையெல்லாம் ஓர் இதழ் முழுக்கக் கூடிவரும் டேலில்லி இன்னும் பிறக்கவில்லை. கலப்பாளர்கள் எட்டியிருப்பது தொண்டையைச் சுற்றிய 'கண்' பகுதியில் நீலச் சாயல். அதுவும் இரவு குளிர்ந்திருந்தால் காலையில் தெளிவாகத் தெரியும். வெயில் ஏறினால் ஊதாவுக்குத் திரும்பிவிடும். எனவே நாற்றைக் காலையிலும் பாருங்கள், மாலையிலும் பாருங்கள்.

கேள்வி: ஊதாவும் பெரிய இளமஞ்சளும் என்னிடம் இருக்கின்றன. எத்தனை முறை மகரந்தம் வைத்தாலும் காய் சில நாட்களில் உதிர்ந்துவிடுகிறது. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தைத் தொடாதீர்கள். முதலில் இரண்டும் ஒரே சாதியா என்று விசாரியுங்கள். டிப்ளாய்டு (இரண்டு தொகுதி) டேலில்லிக்கு 22 குரோமோசோம்கள், டெட்ராப்ளாய்டுக்கு (நான்கு தொகுதி) 44. இவை ஒன்றோடொன்று விதை பிடிப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ரகத்தின் பெயர் தெரிந்தால் டேலில்லி ரகங்களின் உலகப் பதிவேட்டிலேயே எந்த வகை என்று போட்டிருக்கும். டிப்ளாய்டை டெட்ராப்ளாய்டாக மாற்ற கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். செங்காந்தளில் இருக்கும் அதே கொடிய நஞ்சு அது. வீட்டில் வைத்து விளையாடும் பொருள் அல்ல.

இரண்டும் ஒரே வகைதான் என்றால் நேரத்தைப் பாருங்கள். பூவின் ஆயுள் ஒரே நாள். காலையில் மகரந்தப்பை வெடித்து, தூள் பஞ்சுபோல உலர்ந்ததும், மகரந்தத் தாளையே இடுக்கியால் கிள்ளி எடுத்து, நீண்டு வளைந்திருக்கும் சூலகத்தண்டின் நுனியில் தடவுங்கள். நுனியில் மஞ்சள் தூள் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மழையில் நனைந்த மகரந்தம் உதவாது. கடும் வெயில் காலத்திலும் காய் நிற்காது. அப்போது மகரந்தத்தை உலர்த்திக் குளிர்பெட்டியில் சேமித்துவைத்து, வெப்பம் தணிந்த பிறகு பயன்படுத்தலாம்.

காம்பில் உடனே சீட்டுக் கட்டுங்கள்: தாய்ச் செடி முதலில், மகரந்தம் தந்த செடி இரண்டாவது. காய் முற்ற ஆறிலிருந்து எட்டு வாரம். பழுத்து வெடிக்கத் தொடங்கியதும் எடுத்தால் விதை மிளகு அளவில் கறுப்பாக மின்னும். வெளிறி அமுங்குவதை எறிந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய ஆரஞ்சு டேலில்லி வேலியோரம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் விதையே இல்லை. இதைத் தாய்ச் செடியாக்க முடியுமா?

பதில்: முடியாது. எங்கும் காணப்படும் அந்த ஆரஞ்சு ரகத்தில் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் இருக்கின்றன, விதை பிடிக்காது. தரைக்கடியில் தண்டு ஓட்டியே அது பிழைத்துக்கொள்கிறது. அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பளிச்சென்ற வானநீல டேலில்லியின் படத்தைப் போட்டு விதை விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: படத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம். பெயருள்ள ரகம் எதுவானாலும் விதையிலிருந்து அப்படியே வராது. குத்தைப் பிரித்து நட்டால்தான் வரும். நிறம் இன்னதென்று விதைக்கு உறுதி சொல்கிறவர் தோட்டக்காரர் அல்ல.

கேள்வி: ஊதா விளிம்பு கட்டிய நாற்று ஒன்று பூத்திருக்கிறது. அதற்கு என் பேத்தியின் பெயரை வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், அவசரப்படாமல். 1946-ல் தொடங்கிய அமெரிக்க ஹெமரோகேலிஸ் (டேலில்லியின் தாவரவியல் பெயர்) சங்கம்தான் உலகம் முழுவதற்குமான பதிவேட்டை வைத்திருக்கிறது. அதில் 80,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பேத்தியின் பெயரை யாராவது ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்களா என்று அதில் தேடுங்கள். ஊதா விளிம்பு ரகங்களும் அங்கே ஏராளம். உங்களுடையது எதில் வேறுபடுகிறது என்று ஒப்பிடுங்கள். முதல் ஆண்டுப் பூவை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது ஆண்டிலும் விளிம்பு அதே அகலத்தில் வருகிறதா, தண்டில் மொட்டுகள் போதுமா, இலையில் துரு நோய் ஏறுகிறதா என்று பாருங்கள். தேறினால் விண்ணப்பியுங்கள். தேறாவிட்டால் அடுத்த நாற்றுக்கு அந்தப் பெயர் காத்திருக்கட்டும்.