சிங்கப்பூரில் சைவச் சாப்பாடு: வாசகர் கேள்வி – பதில்

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். நானும் கணவரும் மூன்று வாரம் போய்த் தங்கப்போகிறோம். முட்டைகூடத் தொடமாட்டோம். தினமும் இட்லி, தோசைக் கடையையே தேடிப்போகாமல் அந்த ஊர்ச் சாப்பாட்டையும் ருசிபார்க்க வழி உண்டா? – வாசகி, ஸ்ரீரங்கம்

தாராளமாக உண்டு. முதல் இரண்டு நாள் லிட்டில் இந்தியா பக்கம் போய் வயிற்றைப் பழக்கிக்கொள்ளுங்கள். 1924-ல் தொடங்கிய ஆனந்த பவன், 1947-ல் தொடங்கிய கோமள விலாஸ் இரண்டுமே முழுச் சைவம். சிராங்கூன் சாலையில் நடந்தாலே கண்ணில் படும்.

மூன்றாம் நாள் பூகிஸ் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கு நடங்கள். அங்கே கிருஷ்ணன் கோயிலும், சீனர்கள் கருணைத் தெய்வமாக வணங்கும் குவான் யின் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. குவான் யின்னைக் கும்பிட்டுவிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணன் சந்நிதிக்கு முன்னாலும் ஊதுபத்தி ஏற்றி வணங்குவதைப் பார்க்கலாம். மனதுக்கு அவ்வளவு நிறைவான காட்சி. குவான் யின் பக்தர்களில் பலர் சைவ விரதம் இருப்பவர்கள். அதனால்தான் இந்த வட்டாரத்தில் சீன சைவக் கடைகள் கூடியிருக்கின்றன. சில நிமிட நடையில் மிடில் ரோட்டில் ஃபார்ச்சூன் சென்டர் என்று ஒரு பழைய கட்டடம் வரும். அதற்குள்ளேயே பல சைவக் கடைகள் உண்டு.

லக்சா (தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ்), வறுத்த பீஹூன் (அரிசிச் சேமியா) போன்ற உள்ளூர்ப் பண்டங்களை இந்த மாதிரிக் கடையில்தான் நிம்மதியாகச் சாப்பிடலாம். பலகையில் 'மட்டன் கறி', 'சார் சியூ' (சுட்ட பன்றி இறைச்சி) என்று போட்டிருந்தால் பதறவேண்டாம். கோதுமையின் பசைச்சத்து, சோயா, காளான் தண்டு இவற்றில் செய்தவை அவை. ஆனால் துண்டு உதிராமல் பிடித்துக்கொள்ள சிலவற்றில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். ஆகவே 'நோ எக்?' என்று ஒவ்வொரு பண்டத்துக்கும் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வெறும் தவ்வு (டோஃபு, சோயாப் பால்கட்டி), காய்கறியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிடைத்தால் விடக்கூடாதது லெய் சா. ஹக்கா சீனர்களின் சாப்பாடு. கிண்ணத்தில் சோறு, அதன்மேல் பொடியாக நறுக்கி வதக்கிய காராமணிக்காய், கீரைத்தண்டு, தவ்வு, உப்புமுள்ளங்கி, வறுத்த வேர்க்கடலை எல்லாம் தனித்தனிக் குவியலாக இருக்கும். பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் பச்சைச் சாறு. தேயிலை, புதினா, துளசி வகை இலைகள், எள், கடலை சேர்த்து இடித்தது. சாற்றை ஒரேயடியாகக் கவிழ்க்காதீர்கள், கசப்பு தூக்கலாகிவிடும். நாலைந்து கரண்டி விட்டுப் பிசைந்து, ருசிபார்த்து, மேலும் விடுங்கள். சாதாரணக் கடையில் இதன்மேல் நெத்திலி தூவுவார்கள். சைவக் கடையில் அந்தக் கவலை இல்லை.

ஒன்று ஞாபகமிருக்கட்டும்: சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பல சீனர்கள் சைவம் சாப்பிடுவார்கள். அன்றைக்கு இந்தக் கடைகளில் வரிசை நீளும். பதினொன்றரைக்கே போய்விடுங்கள்.

உணவங்காடியில் (சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே இடத்தில் கூடியிருக்கும் இடம்) பல கடைகளில் 'நோ போர்க், நோ லார்ட்' என்று எழுதியிருக்கிறதாமே. அங்கே சைவம் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா? – வாசகர், தஞ்சாவூர்

கூடாது. பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இல்லை, அவ்வளவுதான் அதன் பொருள். கோழியும் மீனும் இருக்கும். ஹலால் சின்னமும் அப்படியே.

'வெஜிடபிள்' என்ற சொல்லையும் நம்பவேண்டாம். 'வெஜிடபிள் நூடுல்ஸ்' என்றால் காய் போட்டது என்றுதான் பொருள். சூப் கோழி எலும்பில் கொதித்ததாக இருக்கும். கீரை வதக்கலில் சிப்பிச் சாறு ஊற்றுவது அங்கே வழக்கம்.

எதைக் கேட்டால் மாற்றித்தருவார்கள், எது முடியாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மேலே தூவுவதையும் கடைசியில் ஊற்றுவதையும் விடச்சொல்லலாம்: முட்டை, நெத்திலி, வறுத்த இறால் அப்பளம், சிப்பிச் சாறு. அரைத்துக் கலந்ததை எடுக்க முடியாது. சம்பல் என்ற மிளகாய்ச் சட்னியில் பெலாச்சான் என்ற இறால் விழுது காலையிலேயே அரைபட்டு வெந்துவிட்டது. லக்சா மசாலாவில் உலர்ந்த இறால், ரோஜாக் என்ற பழ, காய்க் கலவையின் கறுப்புச் சாற்றில் இறால் பசை. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் நெத்திலியை விடச்சொன்னாலும் சம்பல் மாட்டிக்கொள்ளும். தவ்வும் காயும் நாமே பொறுக்கியெடுக்கும் யோங் தவ் ஃபூவில் கத்தரிக்காய், வெண்டைக்காய் என்று ஆசையாக எடுப்பீர்கள். நடுவே மீன் விழுது அடைத்திருக்கும். காயா டோஸ்டில் பூசும் பச்சை ஜாம் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டியது. பராட்டா வாங்கினால் மாவில் முட்டை உண்டா என்று கேளுங்கள், குழம்பு மீன் குழம்பாக இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

சைவம் என்று தனியாகப் போர்டு போட்ட கடை பல உணவங்காடிகளில் ஒன்றாவது இருக்கும். அதைத் தேடிப்போவதுதான் நல்லது. சாதாரணக் கடையில் எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் வாணலி ஒன்றுதான். சைவக் கடைகளில் பல காலைக்கும் மதியத்துக்கும்தான் திறந்திருக்கும். ராத்திரிக்கு நம்பிப்போய் ஏமாறவேண்டாம்.

மாமியார் வெங்காயம், பூண்டு சேர்க்கமாட்டார். அவரையும் வெளியே அழைத்துப்போக முடியுமா? – வாசகி, சேலம்

நம்மவர் ஹோட்டலில் சாம்பாரிலேயே சின்ன வெங்காயம் மிதக்கும். இந்த விஷயத்தில் சீன சைவக் கடைதான் உங்களுக்குக் கை கொடுக்கும். பௌத்த மரபுப்படி நடத்தும் கடைகளில் வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எதுவும் சேர்ப்பதில்லை. வாசனைக்கு இஞ்சி, காளான், நல்லெண்ணெய். ஒரே சிக்கல், இப்போது சில கடைகள் 'வீகன்' (பால், முட்டைகூட இல்லாத சைவம்) என்று மட்டும் போட்டுப் பூண்டைச் சேர்க்கின்றன. 'நோ ஆனியன், நோ கார்லிக்' என்று கேட்டுவிட்டே உட்காருங்கள். காளானும் ஆகாது என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

சர்க்கரை நோயாளி நான். காபி எப்படிக் கேட்பது? – வாசகர், நாகர்கோவில்

வெறும் 'கோப்பி' என்றால் இனிப்பான கெட்டிப்பாலோடு வரும். 'கோப்பி ஓ கோசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லை. பால் மட்டும் வேண்டுமென்றால் 'கோப்பி சி கோசோங்'. டீக்கு 'கோப்பி' இருக்கும் இடத்தில் 'தே' போட்டுக்கொள்ளுங்கள்.

மெனுவில் இருப்பதைவிட பில் கூடுதலாக வருகிறதாமே, ஏன்? – வாசகர், கோவை

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்தத் தொகையின் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பண்டத்துக்கு 23 வெள்ளி 98 காசு. டிப்ஸ் தனியாக வைக்கவேண்டியதில்லை. உணவங்காடியில் போட்ட விலையே விலை. ஆனால் சாப்பிட்ட தட்டை நீங்களேதான் எடுத்துப்போய்த் தட்டு வைக்கும் இடத்தில் வைக்கவேண்டும். 2021 முதல் அது கட்டாயம், மீறினால் முதலில் எச்சரிக்கை, அடுத்த தடவை அபராதம். காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம். வேறு மேசை பாருங்கள்.