கோப்பைத் தண்ணீரும் கிளினிக் மாத்திரையும்

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு 54 வயது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். ஆறு வருடமாகச் சீனி வருத்தம். பக்கத்து லயத்து வீட்டில் சொன்னார்கள் என்று கொத்தலஹிம்புட்டு என்ற மூலிகைக் கட்டையில் கடைந்த கோப்பை ஒன்று வாங்கி, இரண்டு மாதமாக அதில் ஊறிய தண்ணீரைத்தான் குடிக்கிறார். கிளினிக் மாத்திரையை விட்டுவிட்டார். நாட்டு மருந்து கெடுதல் ஒன்றும் செய்யாது என்கிறார். காலில் அட்டை கடித்த இடம் பத்து நாளாகியும் ஆறவில்லை. மஞ்சள் பூசுகிறார். நான் என்ன செய்வது?
- வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் காலைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். சீனி கூடினால் புண் ஆறாது, நரம்பு மரத்து வலியும் தெரியாது. அம்மா வலிக்கவில்லை என்று சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மஞ்சளை நிறுத்தி, சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி வையுங்கள்.

சரி, இனிக் கோப்பைக்கு வருவோம். இரவில் ஊற்றி வைத்த தண்ணீர் காலையில் சாயத்தண்ணீர் மாதிரிச் சிவந்திருக்குமே, அது வெறும் நிறமல்ல. அந்தக் கட்டையில் சலசினோல் என்றொரு பொருள் இருக்கிறது. சோறும் ரொட்டியும் குடலில் சீனியாக மாறுவதை அது தாமதப்படுத்தும். ஆகவே அம்மா மூடநம்பிக்கையில் குடிக்கவில்லை. இலங்கையில் ஆயுர்வேதத்துக்கும் சித்தத்துக்கும் யூனானிக்கும் 1961இலேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு பெற்ற வைத்தியர்களும் அரசாங்க ஆயுர்வேத ஆஸ்பத்திரிகளும் இருக்கிறார்கள், இருக்கின்றன. இன்றைக்குப் படித்தவர்களும் அங்கே போகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷமே.

ஆனால் ஆறு வருடச் சீனியை அந்தத் தண்ணீர் மட்டும் தாங்காது. கெடுதல் ஒன்றும் செய்யாது என்பதும் தவறு. வேலை செய்கிற மருந்து எதுவானாலும் அளவு தப்பினால் கெடுதல் செய்யும். சீனியைக் குறைக்கும் கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோடு இதையும் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். பகல் கொழுந்து நிறுவைக்கு முன்னால், வெறும் வயிற்றோடு, மலைச்சரிவில் நிற்கும்போது கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் என்ன ஆகும்? அதனால் விட்ட மாத்திரையை நீங்களாகத் திரும்பத் தொடங்கிக் கொடுக்க வேண்டாம். டாக்டர் சீனியைப் பார்த்து அளவு சொல்லட்டும். அதுவரை கோப்பைத் தண்ணீரும் வேண்டாம்.

அம்மா ஏன் மாத்திரையை விட்டார் என்று கேட்டீர்களா? கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். விடிய முன் பஸ் ஏறி வரிசையில் நின்று, கடைசியில் இரண்டு நிமிடம். பக்கத்து லயத்து அக்காவோ உட்காரவைத்துப் பேசுகிறார். என் அம்மாவும் கஷாயம் குடித்ததைச் சொல்லி ஒரு கிளினிக்கில் ஏச்சு வாங்கியவர். அதன்பிறகு சாகும்வரை எந்த டாக்டரிடமும் எதையும் சொல்லவில்லை. எனக்கு அந்த மறைப்புத்தான் பயம்.

அதனால் சண்டை போடாதீர்கள். "கோப்பையை எறி" என்று சொல்லவே வேண்டாம். "டாக்டரிடம் காட்டிக் கேட்போம், நானும் வாறேன்" என்று சொல்லுங்கள். நாளைக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு கோப்பையையும் பையில் வையுங்கள். அம்மா தயங்கினால் நீங்களே எடுத்து மேசையில் வைத்துப் பேச்சைத் தொடங்குங்கள்.