பாலத்திலிருந்து எறிந்தது பொம்மையா?

அமெரிக்கப் பாடகி பாபி ஜென்ட்ரியின் 'ஓட் டு பில்லி ஜோ' பாடலில் பில்லி ஜோ என்ற இளைஞனும் ஒரு பெண்ணும் டல்லஹாச்சி பாலத்திலிருந்து எறிந்தது பொம்மைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பொம்மை என்பது 1976இல் வந்த திரைப்படம் சொன்ன விடை. 1967இல் வெளியான பாடலில் அது இல்லவே இல்லை. மோதிரமா, பூவா, குழந்தையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

எறிந்த பொருள் முக்கியமல்ல, பில்லி ஜோ அதே பாலத்திலிருந்து குதித்து இறந்ததைச் சாப்பாட்டு மேசையில் பேசும் குடும்பத்தின் அலட்சியம்தான் பாடலின் மையம் என்று ஜென்ட்ரியே விளக்கியிருக்கிறார். எனக்கும் அதுவே சரியாகப்படுகிறது. ஓர் இளைஞன் இறந்த செய்தியைப் பேசிக்கொண்டே தந்தை பிஸ்கட்டை நகர்த்தச் சொல்கிறார்! நான்காம் சரணத்தை மீண்டும் கேளுங்கள். மகள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பதைத் தாய் கவனிக்கிறாள். பில்லி ஜோவுடன் பாலத்திலிருந்து எதையோ எறிந்த பெண் உன்னைப் போலவே இருந்தாளாம் என்று பாதிரியார் சொன்னதையும் அவளே சொல்கிறாள். ஆனால் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. பொம்மையைவிட இந்தக் கேள்விதான் என்னை விடாமல் துரத்துகிறது: அந்தத் தாய்க்கு உண்மையிலேயே புரியவில்லையா?