இம்பாலா எங்கே போயிற்று?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினெட்டு ஆண்டுகளாக ஒஹையோவில் வசிக்கிறேன். வந்த புதிதில் வாங்கிய செவர்லே இம்பாலா இந்தக் கோடையோடு ஓய்ந்துவிட்டது. அதைப் போலவே நீளமான, தாழ்வான, பின்னால் மூவர் தாராளமாக உட்காரக்கூடிய பெரிய செடான் ஒன்றைத் தேடி மூன்று ஷோரூம் ஏறி இறங்கினேன். எங்கும் எஸ்யூவிகளைத்தான் காட்டினார்கள். "மக்களின் ரசனை மாறிவிட்டது, அதனால் கம்பெனிகள் நிறுத்திவிட்டன" என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து வரும் அம்மாவுக்கு அந்தக் காரின் பின்னிருக்கை என்றால் உயிர். ஒரு தேசத்தின் ரசனை இப்படி ஒட்டுமொத்தமாக மாறிவிடுமா?

– கொலம்பஸிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரசனை மாறியது உண்மை. அது எப்படி மாறியது என்பதை விற்பனையாளர்கள் உங்களிடம் சொல்லவில்லை.

1965இல் மட்டும் பத்து லட்சத்துக்கும் அதிகமான இம்பாலாக்கள் விற்றன. அந்த வரிசையின் கடைசிக் கார் 2020 பிப்ரவரியில் டெட்ராயிட்-ஹாம்ட்ராம்க் ஆலையிலிருந்து வெளியேறியது. அதே போன்ற பெரிய செடானான ஃபோர்டு டாரஸ் அதற்கு முந்தைய ஆண்டே நின்றுவிட்டது. டொயோட்டா அவலான் 2022இலும் கிரைஸ்லர் 300 2023இலும் விடைபெற்றன.

இந்தக் கதை 1973 எண்ணெய் நெருக்கடியில் தொடங்குகிறது. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டபோது, 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு கம்பெனியின் கார்களும் சராசரியாக இவ்வளவு மைலேஜ் தர வேண்டும் என்றது அது. 'லைட் டிரக்' எனப்படும் சிறிய சரக்கு வண்டிகளுக்குத் தனி இலக்கு. அவை உழவர்களும் தச்சர்களும் ஓட்டுபவை, சுமை ஏற்றுபவை, ஆகவே இலக்கும் குறைவு. அன்றைக்கு அது நியாயமாகவே தோன்றியிருக்கும். 1990களின் பிற்பகுதியில் ஒரு காலன் பெட்ரோலுக்கு இலக்கு காருக்கு 27.5 மைல், லைட் டிரக்குக்கு 20.7 மைல். போதாக்குறைக்கு, எரிபொருளை அதிகம் குடிக்கும் வண்டிகளுக்கென 1978இல் ஒரு வரி வந்தது. அதைக் கார்கள் மட்டுமே கட்ட வேண்டும். எஸ்யூவிகளுக்கு அந்த வரி இன்றும் இல்லை.

எது கார், எது டிரக்? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மூன்று வரிசை இருக்கைகள் இருந்து, பின்னிருக்கைகளை மடித்தால் தட்டையான தளம் கிடைத்தால் அது டிரக். நான்கு சக்கரங்களுக்கும் விசை போய், தரையிலிருந்து போதிய உயரம் இருந்தால் அதுவும் டிரக். 2005 மாடல் அவுட்பேக் காரை சுபாரு கம்பெனி சற்றே உயர்த்திக் கட்டியது. அதில் ஒரு செடானும் உண்டு. நான்கு கதவும் டிக்கியும் உள்ள அந்தக் குடும்பக் கார் சட்டத்தின் முன் டிரக் ஆகிவிட்டது.

டாரஸின் கதையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. 2011 மாடலிலிருந்து ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்ற எஸ்யூவி, டாரஸின் அதே அடித்தளத்தின் மேல், சிகாகோவில் அதே ஆலையில் தயாரானது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் எக்ஸ்புளோரர் டிரக் கணக்கில் வந்தது, கூடுதல் விலைக்கும் விற்றது. கம்பெனி தன் பணத்தை எந்தப் பிள்ளைக்குச் செலவிடும்? எக்ஸ்புளோரர் புதுப்புது வடிவம் எடுத்தது. டாரஸோ கிட்டத்தட்ட பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி நின்றது. கவனிக்கப்படாத காரை யாரும் வாங்கமாட்டார்கள். பிறகு "யாரும் வாங்கவில்லை" என்று அறிவிப்பது எளிது. போலீஸ் துறைகளும் பெரிய செடானைக் கைவிட்டு எக்ஸ்புளோரருக்கு மாறின. நிலையாக வந்துகொண்டிருந்த மொத்த ஆர்டர்களும் அத்துடன் போயின.

இதனால் வாங்குபவர்களின் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். என் தந்தைக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு, தாழ்வான காரிலிருந்து அவரை எழுப்பி நிறுத்த இருவர் வேண்டியிருந்தது. உயரமான வண்டியில் அவர் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார், இறங்கும்போதும் யார் கையும் தேவைப்படவில்லை. பெரிய செடானை வாங்கியவர்களில் வயது கூடியவர்களே அதிகம். அவர்களுடைய முழங்கால்கள் எடுத்த முடிவை ரசனை என்று சொல்வது பொருந்தாது. செடானை வடிவமைத்தவர்களும் தவறு செய்தார்கள். காற்று வழுக்கிச் செல்ல வேண்டும் என்று கூரையைப் பின்பக்கம் சரித்துக்கொண்டே போனதில், பின்னால் உட்காருபவரின் தலை இடித்தது.

ஆனாலும் இந்த மாற்றத்துக்குச் சாலையில் நடப்பவர்கள் விலை கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2009இல் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் சுமார் 4,100 பேர். 2022இல் 7,500 பேருக்கு மேல். அகலமான சாலை, வேகம், இருட்டு, செல்பேசி என்று பல காரணங்கள் உண்டு. வண்டியின் உயரமும் அவற்றில் ஒன்று. பானட்டின் உயரம் 40 அங்குலத்தைத் தாண்டிய வண்டி மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிந்து இறங்கும் பானட் உள்ள வண்டியைவிட மரணத்துக்கான வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு அமைப்பு 2023இல் கண்டறிந்தது. தாழ்ந்த பானட் காலில் மோதும். உயர்ந்த பானட் நெஞ்சிலும் தலையிலும் மோதும். குழந்தை என்றால் நேரே தலைதான். ஷோரூமில் 'ரசனை' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுவே நினைவுக்கு வருகிறது.

மைலேஜ் இலக்கைத் தவறவிடும் கம்பெனிகளுக்கான அபராதத்தை 2025இல் சுழியமாக்கிவிட்டார்கள். அதனால் பெரிய செடான் திரும்பிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். கடைசி இம்பாலா வெளியேறிய டெட்ராயிட் ஆலை இப்போது மின்சார டிரக்குகளைச் செய்கிறது.

உங்களுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. டொயோட்டாவின் கேம்ரி செடான் இன்னும் விற்பனையில் இருக்கிறது, 2025 மாடலிலிருந்து ஹைப்ரிட் மட்டுமே. தலைமுறைக்குத் தலைமுறை அது வளர்ந்து உள்ளிடத்தில் அவலானை நெருங்கியதும் அவலானுக்கு வேலை குறைந்ததற்கு ஒரு காரணம். அது போதவில்லை என்றால், 2022 வரை வந்த அவலான்களில் நன்றாகப் பராமரித்த ஒன்றைத் தேடுங்கள். எதுவானாலும் அம்மா வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள். அவரே பின்கதவைத் திறந்து நாலைந்து முறை ஏறி இறங்கிப் பார்க்கட்டும். அவருக்கு என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.