ராட் நுனிய பாருங்கப்பா: குளிர்கால சினூக் கேள்வி-பதில்

கனடா மேற்கு கடல்ல குளிர்காலத்துல சினூக் (சால்மன்ல பெரிய இனம்) பிடிக்கறவங்க அனுப்பின கேள்விங்க இந்த தடவை குமிஞ்சு கிடக்கு. பாதிக்கு மேல "எந்த ஸ்பூன் (உலோக போலி இரை) வாங்கலாம்" தான், அதனால அத வேணும்னே கடைசிக்கு தள்ளிட்டேன், மத்ததையும் படிச்சிட்டு வாங்க.

சார், டவுன்ரிகர் (கேபிள்ல குண்டு கட்டி தூண்டில் லைன ஆழத்துக்கு இறக்கற கருவி) கவுண்டர்ல 150 அடி காட்டுது, சவுண்டர்ல (ஆழம் காட்ற கருவி) தரை 140 அடி தான். ஆனா குண்டு தரையில முட்டவே இல்ல. கவுண்டர் ரிப்பேரா? (சர்ரே)

கவுண்டர் நல்லாத்தான் இருக்கு. அது காட்றது நீங்க எவ்ளோ கேபிள் விட்டீங்கன்னு, குண்டு எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு அதுக்கு எப்படி தெரியும்? போட்டோட பின்பக்கம் போய் கேபிள் எப்படி சாய்ஞ்சிருக்குன்னு ஒரு தடவை பாருங்க. 30 டிகிரி சாய்ஞ்சா 150 அடி விட்டது 130 அடில தான் நிக்கும், 45 டிகிரின்னா 106, அவ்ளோதான். 10 பவுண்டு குண்ட கடைல திருப்பி குடுத்துட்டு 15 வாங்குங்க. குளிர்காலத்துல சினூக் தரைய ஒட்டித்தான் திரியும், தரைலருந்து 5, 10 அடிக்குள்ள குண்டு இல்லன்னா நீங்க சும்மா கடல்ல டீசல் எரிச்சிட்டு வர்றீங்க. மணல் தரையா இருந்தா குண்டு லேசா தட்ற வரைக்கும் இறக்கி, ரெண்டு மூணு சுத்து மேல ஏத்திக்குங்க. பாறைல இந்த வேல வேணாம். ஸ்பீடுக்கு ஜிபிஎஸ்ஸ நம்பாதீங்க, அது தரையோட கணக்கு, நீவாட்டோட (நீரோட்டத்தோட) ஓட்றப்ப 3 நாட் காட்டும், குண்டு நேரா தொங்கும், எதிர்ல திரும்பினா 2 காட்டும், கேபிள் பறக்கும். கேபிள் சாய்மானம் தான் உங்க ஸ்பீடோமீட்டர்.

முத முறையா வின்டர் ஸ்பிரிங் (குளிர்கால சினூக்) பிடிச்சேன் அண்ணே, வெட்டி பாத்தா சதை வெள்ளையா இருந்துச்சு. கெட்டுப் போச்சுன்னு தூக்கி போட்டுட்டேன். சரியா? (பர்னபி)

அய்யோ. அது வெள்ளை சினூக் தம்பி. தீனில இருக்கற சிவப்பு நிறமிய சதைல சேத்து வைக்கறது சில மீனுக்கு பிறவிலயே வராது, மத்தபடி மீன் ஒண்ணுதான், கொழுப்பும் நல்லா இருக்கும். அடுத்த தடவை தூக்கி போடற மூட்ல இருந்தா எனக்கு ஒரு போன் போடு.

குண்டு பாறைல மாட்டிக்கிட்டா என்ன செய்யறது? (ரிச்மண்ட்)

மொதல்ல நியூட்ரல். உடனே பிரேக்க லூஸ் பண்ணி கேபிள ஓட விடுங்க, அப்புறம் மெதுவா திரும்பி, மாட்டின இடத்துக்கு மேலயே போய், வந்த திசைக்கு எதிர்ப்பக்கமா இழுத்தா பத்துல ஏழு தடவை வந்துடும். வரலன்னா வெட்டி விடுங்க. வெட்ற சாமான் டவுன்ரிகர் பக்கத்துலயே கட்டி தொங்கணும், கேபின்குள்ள டிராயர்ல இருந்தா அது இல்லாத மாதிரி தான். பிரேக்க இறுக்கி வச்சிட்டு ஓடற தண்ணில மாட்டினா போட்டோட பின்பக்கம் கீழ இழுக்கும், அலை உள்ள ஏறும். ஒரு 12 பவுண்டு குண்டுக்காக நானே ஒரு தடவை அஞ்சு நிமிஷம் மல்லுக்கட்டி, முழங்கால் வரைக்கும் தண்ணி ஏத்திக்கிட்டேன். குண்டு இன்னும் ஹவ் சவுண்ட் வளைகுடால தான் கிடக்கு.

கேப்ரியோலா பக்கம் திராஷர் ராக் போனோம். நாலு மணி நேரம் ஒரு கடி இல்ல. கிளம்பறப்ப லைன எடுத்தா ரெண்டுலயும் அரையடி, முக்காலடி சினூக், ரெண்டும் செத்து போச்சு. கிளிப் (லைன கேபிளோட பிடிச்சிருக்கற கவ்வி, மீன் இழுத்தா விட்டுடும்) பிராண்ட் மாத்தணுமா? (நனைமோ)

கிளிப்ப மாத்தி என்ன ஆகப்போகுது, நாலு மணி நேரம் நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க? ஹீட்டர் பக்கத்துல காபியா? கோவிச்சுக்காதீங்க, ஆனா ஒவ்வொரு வருஷமும் ஜனவரில இதே லெட்டர் வேற வேற கையெழுத்துல வருது, எனக்கு வயிறு எரியுது. குளிர்காலத்துல நாம துரத்தறது ஆத்துக்கு திரும்பற பெரிய மீன இல்ல, இங்கயே தின்னு வளர்ற மீன, அதுல குட்டிங்க தான் ஜாஸ்தி. அந்த குட்டிக்கு கிளிப்ப தட்டி விட பலம் கிடையாது, பிளாஷர் (மீன கவர லைன்ல கட்டி சுத்த விடற பளபளப்பு தகடு) வேற 11 இன்ச் பலகை மாதிரி இழுக்குது, பாவம் வாய திறந்தபடி சுத்தி சுத்தி இழுபட்டே சாகுது. நீங்க "கடி இல்ல கடி இல்ல"ன்னு ஸ்பூன் கலர் யோசிச்சிட்டு இருக்கீங்க, அங்க மீன் மாட்டி அரை மணி ஆச்சு!

ராட் (தூண்டில் கோல்) நுனிய பாருங்க. பிளாஷர் ஒழுங்கா சுத்தினா நுனி ஒரே தாளத்துல டொக், டொக், டொக்னு தலையாட்டும். குட்டி மாட்டினா அந்த தாளம் கெடும், நடுவுல ஒண்ணு விட்டுப்போகும், இல்ல சும்மா நடுங்கிட்டே இருக்கும். இது தெரியணும்னா ராட் நல்லா வளைஞ்சு இறுகி நிக்கணும், கிளிப் டென்ஷன் லேசா இருக்கணும், குண்டுக்கும் பிளாஷருக்கும் நடுவுல 15, 20 அடிக்கு மேல விடக்கூடாது, 50 அடி பின்னாடி விட்டா ஒண்ணும் தெரியாது. எல்லாம் சரியா இருந்தாலும் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை லைன எடுத்து பாக்கணும், பாசி மாட்டியிருந்தாலும் அப்பதான் தெரியும். சோம்பேறித்தனம் பட்டா வீட்லயே இருங்க.

அப்புறம் விடற விதம். ஜார்ஜியா நீரிணையில பொதுவா 62 செமீ, மூக்குலருந்து வால் கவை வரைக்கும், அதுக்கு கீழன்னா விட்டுடணும். தண்ணிலயே வச்சு, ஹூக்க பிடிச்சு தலைகீழா ஒரு திருப்பு, எதிர்முள் இல்லாத ஹூக் தானே, அதுவா வழுக்கி போயிடும். வலைல அள்ளி, டெக்ல போட்டு, கையுறையோட இறுக்கி பிடிச்சு போட்டோ எடுக்கறாங்க பாருங்க, இந்த வயசுல செதில் கோலப்பொடி மாதிரி கையோட வரும், அந்த மீன் போய் பொழைக்கும்னு நினைக்கறீங்களா? எல்லைக்கு அந்தப்பக்கம் வாஷிங்டன்ல விடவேண்டிய சால்மன போட்டுக்குள்ள ஏத்தறதே குற்றம். இங்கயும் வரணும்னு பத்து வருஷமா கத்திட்டு இருக்கேன். ஒரே இடத்துல அஞ்சாறு குட்டி வரிசையா வந்தா எடத்த மாத்துங்க, இன்னும் 20, 30 அடி ஆழமான தரைக்கு போங்க.

பியூஜெட் சவுண்ட்ல குளிர்கால சினூக்க ஏன் பிளாக்மவுத்னு சொல்றாங்க? (சியாட்டில்)

ஈறு கருப்பு. பல் முளைக்கற அடிவாரமே கருப்பா இருந்தா சினூக், அங்க வெளுத்திருந்தா கோஹோ (இன்னொரு சால்மன் இனம்). சினூக்குன்னா வால்ல மேல் பாதி, கீழ் பாதி ரெண்டுலயும் புள்ளி இருக்கும், அதையும் பாத்துக்குங்க.

சிங்கிள் ஆக்ஷன் ரீல்ல (லைன் ஓடினா கைப்பிடியும் கூடவே சுத்தற ரீல்) விரல் முட்டி எல்லாம் வீங்கிருச்சு. (டெல்டா)

அதுக்கு நக்கிள் பஸ்டர்னு (முட்டி உடைப்பான்) சும்மாவா பேர் வச்சாங்க. மீன் ஓடறப்ப கைப்பிடிய விட்டுடுங்க, உள்ளங்கையால ரிம்ம தடவி பிரேக் போடுங்க.

தரைய ஒட்டி ஓட்டினா ராக்பிஷ் வருது, கண்ணு பிதுங்கி, தண்ணி மேலயே மிதக்குது. என்ன பண்ண? (கேம்ப்பெல் ரிவர்)

விடறதுன்னா டிசென்டிங் டிவைஸ்ல மாட்டி பிடிச்ச ஆழத்துக்கே இறக்கி விடணும், 2019லருந்து பிசில (பிரிட்டிஷ் கொலம்பியா) சட்டமே அதான். மேல தூக்கி வீசினா கடல்புறா சாப்பாடு. ராக்பிஷ் பாதுகாப்பு பகுதின்னு கரையோரம் 164 இடம் குறிச்சிருக்காங்க, அங்க டிரோலிங்கே (போட்ட ஓட்டிட்டே லைன இழுக்கறது) கூடாது, கிளம்பறதுக்கு முன்னாடி மேப்பையும் மீன்வளத்துறை நோட்டீசையும் பாருங்க.

லைஃப் ஜாக்கெட் போட்டா ரீல் சுத்த கஷ்டமா இருக்கு, பக்கத்துல வச்சிக்கிட்டா போதாதா? (கோக்விட்லம்)

போதாது. பிப்ரவரில தண்ணி 7, 8 டிகிரி. விழுந்தா மொத ஒரு நிமிஷம் மூச்சு கட்டுக்குள்ள இருக்காது, அப்புறம் பத்து நிமிஷம் தான் கை கால் சொன்னத கேக்கும், மயக்கம் வர ஒரு மணி நேரம் ஆகும், ஆனா மிதந்தா தானே அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும்? ஊதிக்கற டைப் பெல்ட் மாதிரி வருது, அத வாங்கி போட்டுக்குங்க. விஎச்எஃப் ரேடியோவ அவசர சேனல் 16ல வைங்க. தென்கிழக்கு காத்து ஏறுதுன்னா ராம்ப்ல (போட் இறக்கற சரிவு) இருந்தே திரும்பி வாங்க.

சார் எங்க போனா மீன் கிடைக்கும்? சீக்கிரம் சொல்லுங்க. (ஊர் போடல)

கடல்ல.

பிப்ரவரில லைசென்ஸ் எடுத்தேன், ஏப்ரல்ல அதே செல்லுமா? (லாங்லி)

செல்லாது. மார்ச் 31ஓட முடிஞ்சது, சால்மன் ஸ்டாம்பும் (சால்மன வச்சிக்க தனியா வாங்கற அனுமதி) தான். சினூக்க வச்சிக்கிட்டா அந்த நிமிஷமே லைசென்ஸ்ல பதியணும், கரைக்கு வந்து இல்ல.

எந்த ஸ்பூன் வாங்கலாம்? (பதினேழு பேர்)

3 இன்ச், மூணரை இன்ச் மெல்லிசு ஸ்பூன், இருட்டுல மினுங்கற பச்சையோ வெள்ளையோ, பிளாஷர்லருந்து 5, 6 அடி லீடர் (பிளாஷருக்கும் இரைக்கும் நடுவுல வர்ற லைன்). ஹூச்சின்னா (கணவாய் மாதிரி ரப்பர் போலி இரை) லீடர் பாதியா குறைங்க. அதுக்கு மேல கடைக்காரர கேக்காதீங்க, மொத மீனோட வயித்த கிழிச்சு பாருங்க. போன வாரம் பிடிச்ச ஒரு 9 பவுண்டுக்காரன் வயித்துல பதினாலு சாண்ட் லான்ஸ் (ஒல்லியான சின்ன இரை மீன்), எல்லாமே என் சுண்டுவிரல் நீளம், பென்சில் மொத்தம் கூட இல்ல. அந்த போட்ல என்கூட வந்தவர் கைல அஞ்சு இன்ச் ஸ்பூன் இருந்துச்சு.